உங்கள் ஊருக்கு ஏன் அந்தப் பெயர்? தேடிக் கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

செங்கல்பட்டு என்றதும் செங்கல் சூளைதான் நினைவுக்கு வரும். சின்ன வயதில் ரயில் கொளவாய் ஏரியை ஒட்டிப் போகும்போது, சூளை எங்கே இருக்கிறது என்று ஜன்னல் வழியாகத் தேடியிருக்கிறேன். கண்ணுக்கு எட்டிய வரை தண்ணீர்தான் தெரிந்தது. அந்தத் தண்ணீர்தான் விடை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஊரின் பழைய பெயர் செங்கழுநீர்ப்பட்டு. செங்கழுநீர் என்பது குளத்தில் பூக்கும் சிவந்த நீர்ப்பூ. வேகமாகச் சொல்லிச் சொல்லி 'கழுநீர்' தேய்ந்து 'கல்' ஆகிவிட்டது. பூ போய்ச் செங்கல் வந்துவிட்டது. கடைசியில் நிற்கும் 'பட்டு' கூடப் பட்டுச்சேலை இல்லை. சிற்றூர் என்று பொருள்படும் பழைய சொல்.

அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு டீக்கடையில் பேச்சுக் கொடுக்கிறேன். பெயர்களைத் தேடுவதில் எனக்குக் கைகொடுத்த வழியைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊர் சின்னப் பட்டியாக இருந்தாலும் இது பொருந்தும். ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதல் படி: பலகையை விடுங்கள், வாயைக் கேளுங்கள்

அரசுப் பலகையில் இருப்பது எழுத்துப் பெயர். ஊர்க்காரர் நாக்கில் இருப்பது வேறு பெயர். முதலில் அதைப் பிடிக்க வேண்டும். மயிலாடுதுறைப் பேருந்து நிலையத்தில் நின்றால் இன்றும் நடத்துனர் "மாயரம், மாயரம்" என்று கூவுவதைக் கேட்கலாம். மாயவரம் என்ற பெயரை 1982-இல் அரசு மயிலாடுதுறை என்று மாற்றியது. வாய் இன்னும் மாறவில்லை.

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெரியவர்கள் "மருதைக்குப் போயிட்டு வந்தேன்" என்பார்கள். படிக்காதவர் பேச்சு என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். மருத மரங்கள் நிறைந்த ஊர் என்பதால் மருதை, அதுவே மதுரை ஆனது என்று சொல்வோர் உண்டு. இனிமை என்ற பொருளில் மதுரம், அதிலிருந்து மதுரை என்பது இன்னொரு கட்சி. அழகர்மலைக் குகையில் உள்ள தமிழி எழுத்துக் கல்வெட்டு மூன்றாவதாக 'மதிரை' என்கிறது. மூன்று வடிவத்தையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தீர்ப்புச் சொல்ல இன்னும் நேரம் இருக்கிறது.

வெள்ளைக்காரன் எழுதிவைத்த வடிவமும் ஒரு சாட்சிதான். திருவல்லிக்கேணியை அவன் டிரிப்ளிகேன் ஆக்கினான், தூத்துக்குடியை டூட்டிகோரின் ஆக்கினான், செங்கல்பட்டைச் சிங்கில்புட் ஆக்கினான். அன்றைக்கு அவன் காதில் விழுந்த உச்சரிப்பு அதற்குள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். 2020-இல் தமிழ்நாடு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. எழுத்துக்கூட்டல் சரியில்லை என்று பலத்த எதிர்ப்பு வந்ததால் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெயர் என்றால் மக்களுக்கு எவ்வளவு ஒட்டுதல் என்பதை அந்தச் சில நாட்களில் பார்த்தோம்.

செல்லப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். கோவை, நெல்லை, தஞ்சை, புதுகை, உதகை என்று சுருக்கிச் சொல்வதற்கு இலக்கணத்தில் மரூஉ என்று பெயர். சில மரூஉ முழுப் பெயரைவிட வயதில் மூத்தது. குடந்தை அப்படித்தான். அகநானூற்றிலேயே சோழர் தங்கள் செல்வத்தைக் குடந்தையில் காவலில் வைத்திருந்த செய்தி வருகிறது.

இரண்டாம் படி: வாலை வெட்டிப் பாருங்கள்

தமிழ்நாட்டு ஊர்ப் பெயர் பெரும்பாலும் இரண்டு துண்டு. முன்னால் தலை, பின்னால் வால். தலை அந்த ஊருக்கே உரியது. வால் எந்த வகை ஊர் என்று சொல்வது. வாலைச் சரியாகப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்த ஒரு படியிலேயே எவ்வளவோ தவறான கதைகள் உதிர்ந்துவிடும்.

'குடி'யிலிருந்து தொடங்குவோம். காரைக்குடி, மன்னார்குடி, பரமக்குடி, இளையான்குடி, தூத்துக்குடி. வெளியூர் நண்பர்கள் இந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிப்பார்கள். குடி என்றால் குடும்பம், குடியிருப்பு. 'குடியும் குடித்தனமுமாக' என்கிறோமே, அந்தக் குடி. குடியாத்தம் என்ற பெயரில் மது வாடை அடிக்கிறது என்று கேலி செய்பவர்கள் அதைக் குடியேற்றம் என்று நீட்டிச் சொல்லிப் பார்க்க வேண்டும். மக்கள் வந்து குடியேறிய ஊர் என்பது தானே தெரியும்.

'பாளையம்' என்றால் படை தங்கிய இடம். மதுரை நாயக்கர் ஆட்சியில் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பாளையக்காரர் பொறுப்பில் விட்டார்கள். இராசபாளையம், உத்தமபாளையம் என்று தெற்கிலும், மேட்டுப்பாளையம், கோபிசெட்டிபாளையம் என்று கொங்கிலும் இந்த வால் நீள்கிறது. 'பேட்டை' என்றால் சந்தையோ தொழிலோ நடந்த இடம். 'பாக்கம்' கடலோரச் சொல், அதனால்தான் சென்னையைச் சுற்றி மூலைக்கு ஒரு பாக்கம். அது சில இடங்களில் வாக்கம் ஆகிவிடும். புரசைவாக்கமும் வில்லிவாக்கமும் உண்மையில் பாக்கங்கள்தான்.

'மங்கலம்' வந்தால் கவனியுங்கள். பிராமணர்களுக்கு மன்னர்கள் கொடையாகக் கொடுத்த ஊர்களைச் சதுர்வேதிமங்கலம் என்பார்கள். உத்திரமேரூருக்கு உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் என்று பெயர் இருந்தது. குடவோலை முறையைச் சொல்லும் முதலாம் பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்கேதான் இருக்கின்றன.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'சமுத்திரம்'. அம்பாசமுத்திரத்திலும் கோபாலசமுத்திரத்திலும் கடல் எங்கே? ஏரியைக் கடலாகப் பார்த்த கண்ணுக்கு அது சமுத்திரம். மழையை நம்பிப் பிழைத்தவனுக்கு நிரம்பிய ஏரி கடல்தானே. நெல்லைச் சீமையில் 'பேரி' என்று முடியும் ஊர்களையும் இதோடு சேர்க்கலாம். பேரி என்பது பேரேரி, பெரிய ஏரி. சீவலப்பேரி என்றால் பாக்கோடு போடும் சீவல் நினைவுக்கு வரும். அது ஸ்ரீவல்லபன் என்ற பாண்டிய அரசப் பெயரும் பேரேரியும் சேர்ந்து தேய்ந்த வடிவம். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து 'ஏந்தல்' கூட நீர்நிலைதான். குமரி மாவட்டத்து 'விளை', கொங்கு நாட்டு 'வலசு' என்று வட்டாரத்துக்கு வட்டாரம் வால் மாறும். உங்கள் மாவட்டத்து ஊர்ப் பெயர்களை வரிசையாக எழுதி, ஒரே மாதிரி முடிபவற்றைத் தனித்தனியாகச் சேர்த்துப் பாருங்கள். எந்த மண் எந்த வாலை வளர்த்தது என்று உங்களுக்கே புரியும்.

எல்லைப்புற ஊர்களுக்கு ஒரு தனிச் சாவி வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் 'அள்ளி', 'ஹள்ளி' என்று முடியும் ஊர்கள் ஏராளம். தமிழில் சொல்லின் முதலில் வரும் ப, கன்னடத்தில் ஹ ஆகும். பால் ஹாலு ஆகும், புலி ஹுலி ஆகும். அதே கணக்கில் நம் பள்ளிதான் அங்கே ஹள்ளி. ஓசூரும் கன்னடப் பெயர்தான். ஹொச ஊரு, அதாவது புது ஊர். நம்மிடம் எத்தனையோ புத்தூர்கள் இருக்கின்றனவே, அவற்றின் கன்னடத்துச் சகோதரி ஓசூர். ஒகேனக்கல்லில் ஹொகே என்பது புகை, கல் நம் கல்லேதான். அருவி விழும் இடத்தில் எழும்பும் சாரலைப் பார்த்தவர்களுக்கு, புகையும் கல் என்று பெயர் வைத்தவனின் கண் எவ்வளவு கூர்மையானது என்று தெரியும்.

மூன்றாம் படி: தலையில் மரமா, கல்லா, நீரா, ஆளா?

வால் போனபின் மிஞ்சும் தலையை இந்த நான்கு கேள்வியால் சோதியுங்கள். நான் முதலில் மரத்தைத்தான் கேட்பேன். காஞ்சி ஒரு மரம். புரசைவாக்கத்தின் புரசும் மரம். உசிலம்பட்டியில் இருப்பது உசில மரம், அதன் இலையைக் காயவைத்து இடித்துத்தான் தலைக்குத் தேய்க்கும் அரப்புத்தூள் செய்கிறார்கள். சிதம்பரத்தின் பழைய பெயரான தில்லையும் மரமே. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டில் படகில் போனால் தில்லை மரத்தை இன்றும் பார்க்கலாம். ஊர்ப் பெயரில் இருக்கும் மரம் கோயிலில் தலமரமாக நிற்கும், அதையும் போய்ப் பாருங்கள்.

ஆற்காடு நல்ல பாடம் சொல்லும் ஊர். ஆறு காடுகள் இருந்ததால் ஆறுகாடு, அதுவே ஆற்காடு என்று ஒரு விளக்கம். அந்த ஆறு காட்டையும் பெயர் சொல்லி எண்ணிக் காட்டுவார்கள். ஆனால் சங்கப் பாடலில் அழிசி என்பவனின் ஊராக வருவது ஆர்க்காடு. இடையின ரகரத்தைக் கவனியுங்கள். ஆர் என்றால் ஆத்தி மரம், சோழர் சூடிய பூ ஆத்திப்பூ. ஒரே ஓர் எழுத்து வல்லினமா இடையினமா என்பதில் ஆறு காடு மறைந்து ஆத்திக்காடு முளைக்கிறது. என் மனம் ஆத்தியின் பக்கம்தான்.

கல்லைத் தலையில் வைத்த ஊர்களில் திண்டுக்கல்லுக்கு ஈடில்லை. ஊருக்கு வெளியே தூரத்தில் நின்று மலையைப் பாருங்கள். சாய்ந்து உட்கார முதுகுக்குப் போடும் திண்டு மாதிரியேதான் இருக்கும். இதற்கு மேல் விளக்கமே வேண்டாம்.

திண்டுக்கல் மாவட்டத்திலேயே வத்தலக்குண்டு இருக்கிறது. மிளகாய் வத்தலும் இல்லை, வெடிகுண்டும் இல்லை. வெற்றிலைக்குண்டு என்பதே வத்தலக்குண்டு ஆனது. வெற்றிலை என்பதை வெத்தலை என்றுதானே நாம் எல்லோரும் சொல்கிறோம்? வெத்தலை வத்தலை ஆக எத்தனை நாளாகும்! குண்டு என்றால் பள்ளம், நீர் தேங்கும் குழி.

ஆள் பெயர் இருந்தால் வேலை எளிது. போடிநாயக்கனூரைப் போல நேராகவே தெரிந்துவிடும்.

நான்காம் படி: வடமொழிச் சட்டையைக் கழற்றுங்கள்

தமிழ்ப் பெயரை அப்படியே வடமொழியில் பெயர்த்து வைப்பது பல நூற்றாண்டுகளாக நடந்திருக்கிறது. பெயர் வடமொழியில் இருந்தால் ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் திருப்பிப் பாருங்கள். பழைய பெயர் பல சமயம் எட்டிப்பார்க்கும்.

கும்பகோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பம் என்றால் குடம். கோணத்தின் இடத்தில் தேவாரத்தில் இருப்பது மூக்கு. திருக்குடமூக்கு! பானையின் மூக்கு. கோயில் நகரம் என்று நாம் பெருமையாகச் சொல்லும் ஊரின் பெயர் இதுதான் என்று என் மகளிடம் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஊழி வெள்ளத்தில் மிதந்து வந்த அமுதக் குடத்தின் மூக்கு இங்கே உடைந்தது என்பது தலபுராணம்.

மயிலாடுதுறை மயூரத்தின் வழியாக மாயூரம் ஆகி, மாயூரம் மாயவரம் ஆனது. மயில் ஆடிய துறை என்ற காட்சி, கடைசியில் மாயமும் வரமும் ஆகிவிட்டது. 1982-இல் திரும்பி வந்தது தேவாரத்தில் இருந்த அதே பெயர். அவிநாசிக்குப் பழைய பெயர் திருப்புக்கொளியூர். வேதாரண்யம் திருமறைக்காடு. மறை என்றால் வேதம், ஆரண்யம் காடு.

விருத்தாசலத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். விருத்தம் முதுமை, அசலம் மலை. தேவாரத்தில் இது திருமுதுகுன்றம். இறைவன் பழமலைநாதர். போய்ப் பார்த்தால் ஊர் தட்டையான சமவெளி, கண்ணுக்கு மலையே இல்லை. மலை பூமிக்குள் அழுந்திவிட்டது, இங்கே இருந்த மலைதான் எல்லா மலைக்கும் மூத்தது என்று ஊரில் சொல்வார்கள். அம்மனுக்கும் விருத்தாம்பிகை என்றே பெயர், அதாவது கிழவி அம்மன். ஒரு துறவி பசியோடு வந்து, கிழத்தி என்று அம்மனைப் பாடிச் சோறு கேட்டாராம். அம்மன் கிழவி வடிவில் வந்து, "கிழவியால் எப்படியப்பா சோறு சுமந்து வர முடியும்? இளமையாகப் பாடு" என்றாளாம். அவர் மாற்றிப் பாட, இளம்பெண்ணாக வந்து சோறிட்டாளாம். அந்தக் கோயிலில் பாலாம்பிகைக்கும் சன்னதி உண்டு. ஊர்ப் பெயரில் இருந்த 'முது' என்ற ஒரு சொல்லைச் சுற்றி ஊரே ஒரு கதை வளர்த்து வைத்திருக்கிறது.

ஐந்தாம் படி: எழுத்தில் இருக்கும் பழைய வடிவத்தைத் தேடுங்கள்

இதுதான் முதுகெலும்பு. பெயருக்குச் சொல்லும் எந்த விளக்கமும், எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய வடிவத்துக்குப் பொருந்த வேண்டும். இன்றைய வடிவத்துக்கு மட்டும் பொருந்தினால் போதாது.

பழனியை வைத்துப் பார்ப்போம். ஞானப்பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு வந்து நின்ற முருகனிடம் "பழம் நீ" என்றார்கள், அதுவே பழனி ஆனது. கேட்கக் கேட்க இனிக்கிற கதை. அகநானூற்றின் முதல் பாட்டில் இதே ஊர் பொதினி. நெடுவேள் ஆவியின் ஊர். ஆவி என்பவன் அங்கே ஆண்ட குடியின் தலைவன். மலையடிவாரக் கோயிலுக்குத் திருவாவினன்குடி என்ற பெயர் வந்ததும் அந்த ஆவியை நினைவூட்டுகிறது. பொதினி என்ற வடிவத்தில் 'பழம் நீ'க்கு இடமே இல்லை. கதை பின்னால் வந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

தரங்கம்பாடி இன்னும் சுவையானது. தரங்கம் அலை. அலைகள் பாடும் இடம் என்று சுற்றுலாப் பலகைகளில் எழுதுகிறார்கள். கடற்கரையில் நின்று கேட்டால் நம்பத்தான் தோன்றும். இரண்டாம் படியை நினைவு வையுங்கள். பாடி என்பது வினைச்சொல் இல்லை, குடியிருப்பைக் குறிக்கும் வால். வாணியம்பாடியில் யாரும் பாடவில்லையே. அதற்கும் மேலே, அலைக்கு அருகிலேயே நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலில் 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று ஊரைச் 'சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்' என்கிறது. சடங்கன்பாடியில் தரங்கமே இல்லை. 1620-இல் டென்மார்க்காரர்கள் வந்து கோட்டை கட்டி, அதை டிரான்குபார் ஆக்கினார்கள். ஒரே ஊருக்கு இத்தனை வடிவம்.

அந்தக் கல்வெட்டில் வரும் 'ஆன' என்ற சொல்லை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 'இன்னதான இன்னது' என்று வந்தால், முதலில் இருப்பது பழைய பெயர், பின்னால் வருவது அரசன் வைத்த புதுப் பெயர். ஊர்ப் பெயர் தேடுபவனுக்கு இதைவிடப் பெரிய புதையல் கிடையாது.

சரி, கல்வெட்டை எங்கே பார்ப்பது? உங்கள் ஊரிலோ பக்கத்திலோ பழைய கற்கோயில் இருந்தால் கருவறையின் வெளிச்சுவரையும் அதற்கு அடியில் இருக்கும் அதிட்டானத்தையும் பாருங்கள். பெரும்பாலும் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று தொடங்கும். அடுத்து அரசனைப் புகழும் மெய்க்கீர்த்தி, பிறகு ஆட்சியாண்டு, பிறகு மண்டலம், வளநாடு, நாடு அல்லது கூற்றம் என்று பெரியதிலிருந்து சிறியதுக்கு இறங்கி வந்து ஊர்ப் பெயர். உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெளிச்சத்தில் போங்கள், அல்லது டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். எழுத்து தானாக எழும்பி நிற்கும். சுண்ணாம்போ எண்ணெயோ தடவிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம், கல் கெட்டுவிடும். படிக்க வரவில்லை என்றால் படமெடுத்து, தொல்லியல் துறை மாவட்டவாரியாக வெளியிட்டிருக்கும் கல்வெட்டுத் தொகுதிகளில் உங்கள் கோயிலைத் தேடுங்கள். மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கோயில் இல்லாத ஊர் என்றால் வீட்டுப் பெட்டியைத் திறங்கள். தாத்தா காலத்துப் பத்திரத்தில் வருவாய்க் கிராமத்தின் பெயர் ஒன்றாகவும், உட்கடையாக நீங்கள் வாழும் ஊரின் பெயர் வேறாகவும் இருக்கும். செக்குபந்தி எழுதிய பகுதியை விடாமல் படியுங்கள். நான்கு எல்லையிலும் வாய்க்கால், மேடு, தோப்பு, குட்டை என்று ஊரின் பழைய முகமே அதில் இருக்கும்.

ஆறாம் படி: ஊர்க்கதையை முழுசாகக் கேளுங்கள், பிறகு சோதியுங்கள்

கதையைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. கதைக்குள் ஊரின் நினைவு இருக்கிறது. பெரியவர்களிடம் "உங்க ஊருக்கு ஏன் இந்தப் பேரு?" என்று நேராகக் கேட்டால் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். "பாட்டி, நீங்க சின்னப் புள்ளையா இருக்கும்போது இங்க என்ன இருந்துச்சு?" என்று தொடங்குங்கள். பெயர் தானே வந்து விழும்.

திருநெல்வேலிக் கதை பலருக்கும் தெரியும். வேதசர்மா என்ற அடியவர் இறைவனுக்குப் படைக்க நெல்லைக் காயவைத்துவிட்டுக் குளிக்கப் போனார். மழை பிடித்துக்கொண்டது. ஓடி வந்து பார்த்தால் சுற்றிலும் வெள்ளம், நெல்லைச் சுற்றி மட்டும் வேலி போட்டது போல் ஒரு துளி விழவில்லை. மழைக்குப் பயந்து நெல்லை அள்ள ஓடிய அனுபவம் உள்ள எவருக்கும் அந்தக் கதை நெஞ்சில் தைக்கும். சொல்லாகப் பார்த்தால், வேலி என்பது நில அளவும்கூட. ஒரு வேலி சுமார் ஆறே முக்கால் ஏக்கர். நெல் விளையும் நிலம் என்பதே நெல்வேலி என்று நான் எடுத்துக்கொள்வேன். தாமிரபரணி பாயும் மண்ணுக்கு அது பொருத்தம்தானே.

ஈரோட்டில் சிவபெருமான் கையிலிருந்த மண்டை ஓடு ஈரமாக இருந்ததால் ஈர ஓடு என்பார்கள். ஊரின் இரு பக்கமும் பெரும்பள்ளம், பிச்சைக்காரன்பள்ளம் என்று இரண்டு ஓடைகள் ஓடுகின்றன. ஈர் ஓடை. கண்ணால் பார்க்க முடிகிற விளக்கத்துக்கே நான் ஓட்டுப் போடுவேன்.

சோதிக்க நான் கேட்கும் கேள்விகள் மூன்றுதான். கதை பழைய வடிவத்துக்குப் பொருந்துகிறதா? வாலை வாலாகவே விட்டுவைக்கிறதா? இதே கதையை வேறு ஊரும் சொல்கிறதா? மூன்றில் ஒன்று இடறினாலும் கதையைக் கதை என்று தனிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அழிக்காதீர்கள்.

ஏழாம் படி: நகரத்துப் பெயருக்கு வேறு கண் வேண்டும்

சென்னை போன்ற ஊரில் மரத்தையும் குளத்தையும் மட்டும் தேடினால் ஏமாறுவோம். இங்கே கம்பெனி, கவர்னர், தொழிற்சாலை எல்லாம் பெயராகியிருக்கின்றன. பாரிமுனையைப் பார்த்து முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை நினைப்பவர்கள் உண்டு. அது தாமஸ் பாரி என்ற வணிகரின் பெயர். குரோம்பேட்டை, குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் வந்தது. சிந்தாதிரிப்பேட்டை எங்கோ சிந்து நதிப் பக்கத்துப் பெயர் போலத் தோன்றும். 1734-இல் நெசவாளர்களைக் குடியமர்த்தி உண்டாக்கிய சின்னத் தறிப் பேட்டை அது. தொண்டியிலிருந்து வந்து தங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபைத் தொண்டியார் என்று மக்கள் அழைத்ததால் தொண்டியார்பேட்டை, அதுவே இன்றைய தண்டையார்பேட்டை என்று சொல்வோர் உண்டு. மொகரம் நாட்களில் ஆயிரம் விளக்கு ஏற்றிய மண்டபம் ஒரு பகுதிக்கே பெயரானது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம். கட்டடத்தின் பெயர் மாறியும், அந்தப் பக்கம் போகிறவர் "ஐஸ் ஹவுஸ் ஒரு டிக்கெட்" என்றுதான் கேட்பார்.

இதிலெல்லாம் உச்சம் ஹாமில்டன் பாலம். பாலத்துக்கு அந்தக் காலத்தில் வாராவதி என்பார்கள். ஹாமில்டன் வாராவதி மக்கள் வாயில் அம்பட்டன் வாராவதி ஆனது. பிறகு யாரோ அதைத் தமிழ்ப் பெயர் என்றே நம்பி ஆங்கிலத்தில் பெயர்க்க, பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று பலகையே வைத்துவிட்டார்கள். ஒரு வெள்ளைக்காரரின் பெயர் தமிழுக்கு வந்து, முடிதிருத்துவோரின் சாதிப் பெயராகி, திரும்ப ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. இன்று அதற்கு அம்பேத்கர் பாலம் என்று பெயர். இந்த ஒரு பாலத்தை நினைத்துக்கொண்டால், ஒலியை மட்டும் வைத்துப் பொருள் சொல்லும் ஆசை நமக்குக் குறையும்.

இலங்கைத் தமிழ் ஊர்களிலும் இதே முறை செல்லும். பருத்தி ஏற்றி இறக்கிய பருத்தித்துறை, யானைகள் கடந்த ஆனையிறவு, சாவகர் தங்கிய சாவகச்சேரி. பெயரைச் சொல்லும்போதே வரலாறு தெரிகிறது.

எட்டாம் படி: எழுதி வையுங்கள்

ஊருக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே இன்றைய பெயர். அதன் கீழே மக்கள் சொல்லும் வடிவம், ஆங்கில வடிவம், பழைய எழுத்து வடிவம், அது எந்த ஆண்டு, எங்கே இருந்தது என்ற விவரம். அதற்குக் கீழே வால், தலை. கடைசியில் ஊர்க்கதை, யார் சொன்னது, அவர் வயது என்ன. உங்கள் முடிவை எழுதும்போது உறுதியா ஊகமா என்பதை ஒரு சொல்லில் குறித்துவிடுங்கள். சாதியைக் குறிக்கும் பெயர்களையும் தாழ்த்திச் சொல்லும் பெயர்களையும் பதிவுக்காக எழுதலாம். அதை வைத்து அந்த ஊர்க்காரரைச் சிரிக்க வைக்கும் பேச்சு மட்டும் வேண்டாம். அந்தப் பெயரைச் சுமந்தவர் அவர்.

ஊர்ப் பெயரோடு நிற்காமல் ஊருக்குள் இருக்கும் சின்னப் பெயர்களையும் சேருங்கள். நரிப்பள்ளம், வண்டிப்பாதை, ஆலமரத்து மேடு, கிழவி குட்டை என்று ஆடு மேய்ப்பவருக்கும் வரப்பில் நடப்பவருக்கும் மட்டும் தெரிந்தவை. இவை எந்தக் கல்வெட்டிலும் இல்லை. மனை போட்டு விற்றதும் அங்கே ஏதோ ஒரு நகர் என்று புதுப் பலகை வந்துவிடும். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை, ஊரில் வயதில் மூத்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு எல்லை வரை ஒரு நடை போய் வாருங்கள். அவர் நிற்கும் இடத்திலெல்லாம் நின்று, "இதுக்குப் பேரு என்ன?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.